செஞ்சியில் இரவல் மின்சாரம்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால், நெல்வயல்களுக்கும் மணிலாக் கொல்லைகளுக்கும் நடுவே பாறைக் குன்றுகள் திடீரென எழுந்து நிற்கக் காண்கிறோம். கருங்கல் உருண்டைகளை யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிக் குவித்தாற்போன்ற தோற்றம். அந்தக் குன்றுகளுள் மூன்றை மதிலால் வளைத்துப் பிணைத்த பெருங்கோட்டைதான் செஞ்சிக்கோட்டை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அம்மூன்று மலைகளின் பெயர்கள். கோட்டைக்குக் கிழக்கே, இன்றைய செஞ்சி நகரம் கடைவீதியும் பேருந்து நிலையமும் நெல்மண்டியுமாகப் பரந்து கிடக்கிறது.

இவ்வூரின் பழம்பெருமை சிறிதன்று. நாயக்க மன்னர்கள் இங்கிருந்து ஆண்டனர். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இங்கு வந்த இயேசு சபைக் குரு பிமெண்டா, நகரின் பரப்பையும் செல்வத்தையும் கண்டு வியந்து எழுதிவைத்திருக்கிறார். 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவருடைய மைந்தர் இராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இதை முற்றுகையிட்டது. பின்னர் 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் இதைப் பிடித்தனர். 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

ஆயினும் மன்னர் கதை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இக்கோட்டையின் நிழலில் குடியிருக்கும் எளிய குடும்பங்கள், மின்சாரம் அறவே நின்றுபோன சில நாட்களை எவ்வாறு கடந்தன என்பதையும், அதிலிருந்து நம் இல்லங்கள் கற்கவேண்டியது என்ன என்பதையும் கூறவே விழைகிறோம்.

புயல் வந்த இரவு

2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த புயல் விரைந்து உள்நாட்டுக்குள் சென்று வலுவிழப்பதே வழக்கம். இப்புயலோ கடந்த இடத்திலேயே பல மணி நேரம் நகராமல் நின்று, வானத்தையே கவிழ்த்துக் கொட்டியது. ஒரே நாளில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரும், புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேலும் மழை பெய்தது. மறுநாள் டிசம்பர் முதல் தேதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அன்று ஆலயத்துக்குப் புறப்பட வழியில்லை. வாசற்படியே நீருக்குள் கிடந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே இரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. செஞ்சிக்கு மேற்கே மலைக்காடுகளில் பிறந்து வரும் சங்கராபரணி ஆறு இரு கரையும் புரண்டு வீடூர் அணையை நோக்கி ஓடியது.

இத்தகைய வேளையில் மின்சாரம் நிற்பது இயல்பே. சாய்ந்த கம்பங்களும் அறுந்த கம்பிகளும் ஒருபுறமிருக்க, தண்ணீரில் கிடக்கும் கம்பியில் மின்னோட்டம் இருந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் மின்வாரியத்தாரே இணைப்பைத் துண்டித்துவிடுகின்றனர். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களைத் தாக்கியபோது வாரக்கணக்கில் இருளில் கிடந்த ஊர்கள் உண்டு. முதியோர் அந்நாட்களை நினைவுகூர்ந்தே இம்முறையும் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுத்தனர்.

நிலத்தடியில் நீர், குடத்தில் இல்லை

மழை ஓய்ந்தபின் செஞ்சியில் நமக்குத் தெரிந்த சில குடும்பங்களைக் காணச் சென்றோம். ஊரைச் சுற்றிலும் வெள்ளம்; ஆனால் வீடுகளிலோ குடிக்க நீரில்லை! இந்த முரண்பாட்டை நேரில் கண்டவர்களே அறிவர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லம். கொல்லையில் ஆழ்துளைக் கிணறு. அதனுள் 1 குதிரைத்திறன் மோட்டார். மாடியின்மேல் 1,000 லிட்டர் தொட்டி. பழைய உறைகிணற்றைத் தூர்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இராட்டினமும் கயிறும் இருந்தாலும் ஆறங்குலக் குழாய்க்குள் வாளி இறங்குமா? நிலத்தடியில் நீர் நிறைந்திருந்தும், அதை மேலேற்ற மின்சாரமின்றித் தொட்டி வறண்டு கிடந்தது. ஆசிரியரின் துணைவியார் நீரிழிவு நோயாளி. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். குளிர்சாதனப் பெட்டியைத் திறவாது மூடிவைத்து, நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தார். மூடியே வைத்திருந்தாலும் அப்பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமே குளிரைக் காக்கும்.

அவ்வமயம் தெருமுனையில் ஓர் இரைச்சல் கேட்டது. சிறிய சரக்கு வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு வீடு நின்று, வாடகைக்குத் தொட்டியை நிரப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப்பின் காவிரிப் படுகையில் பரவலாகக் காணப்பட்ட முறை இது. வண்டியோடு ஊரறிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரும் வந்திருந்தார். அறுபதைக் கடந்தவர், சொல் குறைவு, செயல் மிகுதி.

ஒரு தெருவின் விவாதம்

தூறல் விட்டபாடில்லை. ஆசிரியரின் மருமகன், "அண்ணே, மெஷின் நனையுது, உள்ளே போர்டிகோவிலே வெச்சுக் கதவைச் சாத்திக்கலாம். ஒயரை நேரா பிளக்கிலே சொருகிட்டா வீடு முழுக்கக் கரண்டு வந்துடுமே" என்றார். இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒயர் ஒன்றையும் கையில் வைத்திருந்தார்.

எலக்ட்ரீஷியன் அதை வாங்கிச் சுருட்டித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். "தம்பி, அந்தத் தெருவிலே பாருங்க" என்று கைகாட்டினார். இரண்டு வீடு தள்ளி, மின்வாரியத் தொழிலாளர் ஒருவர் கம்பத்தின்மேல் ஏறி நின்று, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "கம்பியிலே கரண்டு இல்லைன்னு நம்பித்தான் ஏறியிருக்கார். நீங்க இங்கே சொருகினா அது மெயினைத் தாண்டி வெளியே போகும். அவருக்கும் வீட்டிலே பெண்சாதி பிள்ளை இருக்கில்லையா?"

அங்கிருந்தோர் வாயடைத்துப் போயினர். அவர் கூறியதன் உண்மையை நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட் மின்சாரத்தைத் தணித்து வீடுகளுக்குத் தருகிறது. அதே கருவிக்கு வீட்டுப்பக்கமிருந்து 230 வோல்ட்டைச் செலுத்தினால், அது திரும்பி உயர் அழுத்தமாக மேற்கம்பியில் ஏறக்கூடும். நம் வீட்டு விளக்கை எரிக்கும் அதே ஓட்டம், கம்பத்தின்மேல் இருப்பவரின் உயிரைக் குடிக்கும். ஆகவே ஜெனரேட்டரை வீட்டு இணைப்போடு சேர்ப்பதாயின், சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் திருப்பினால் மின்வாரிய இணைப்பு. மறுபக்கம் திருப்பினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாது. அச்சுவிட்ச் இல்லாத வீட்டில், மோட்டாரை வீட்டு ஒயரிங்கிலிருந்து கழற்றி, தனி ஒயர்வழியே நேராக ஜெனரேட்டரோடு இணைப்பதே தக்க வழி. அவரும் அவ்வாறே செய்தார்.

அடுத்து, ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. "உள்ளே மட்டும் வேண்டாம்மா. புகை கண்ணுக்குத் தெரியும்னு நினைக்காதீங்க" என்று ஆசிரியரின் துணைவியாரிடம் கூறிவிட்டு, வீட்டுச் சன்னல்களினின்று இருபதடிக்கு அப்பால், தெருவோர மேட்டில் அதை இறக்கச் செய்தார். நான்கு கழிகளை நட்டு, தலைக்குமேல் மட்டும் தார்ப்பாய் கட்டி, நாற்புறமும் காற்றோட விட்டார்.

பெட்ரோலோ டீசலோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நாம் மூச்சில் இழுத்ததும், குருதியில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை இது பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு பிராணவாயுவின் பிடிப்பைவிட 200 மடங்குக்கும் மேல் வலியது. முதலில் தலைவலி, பின் தலைசுற்றல், குமட்டல், தூக்கம். உறங்குபவர் உறங்கியபடியே மாய்ந்துபோவதும் உண்டு. சன்னலைத் திறந்துவைத்துவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. ஜெனரேட்டரின் இடம் வெளியேதான், வீட்டினின்று விலகித்தான். மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுவதும் இதே கேட்டைத் தரும்.

பனி நாட்டிலும் இதே கதை

தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கையில் ஆசிரியர் ஒரு செய்தி கூறினார். அவருடைய உறவினர் ஒருவர் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழ்கிறார். இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் குடியேறியிருக்கும் நகரம் அது. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் அங்கே உறைமழை பொழிந்தது. மரக்கிளைகளும் மின்கம்பிகளும் பனிக்கட்டிச் சுமை தாங்காது முறிந்து விழ, நகரில் ஏறத்தாழ 3,00,000 மின் இணைப்புகள் செயலற்றுப்போயின. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவையே இருளிலும் குளிரிலும் கழித்த குடும்பங்கள் பல.

அந்நாட்டு வீடுகளின் நிலவறையில் ஃபர்னஸ் என்னும் அனற்கருவி உண்டு. எரிவாயுவால் காற்றைச் சூடாக்கி அறைதோறும் அனுப்புவது அதன் வேலை. எரிவாயு குழாய்வழி வந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் வீடுகள் குளிர்ந்துபோயின. ஏனெனில் அனலை ஊதித் தள்ளும் விசிறிக்கும், நெருப்பைத் தூண்டி மேற்பார்க்கும் கருவிக்கும் மின்சாரம் தேவை. நம் ஊரில் கிணற்றில் நீர் இருந்தும் மோட்டார் இல்லாமையால் தாகம். அவர்கள் ஊரில் எரிபொருள் இருந்தும் விசிறி இல்லாமையால் குளிர். நாடு வேறாயினும் நிலைமை ஒன்றே!

அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிறிய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஃபர்னஸை இயக்கினாலும், சில வேளை நெருப்புப் பற்றிய சில நொடிகளில் தானே அணைந்துவிடும். காரணம் இது: நெருப்பு எரிகிறதா என்பதை அக்கருவி, சுடரின் வழியே எர்த்துக்குச் செல்லும் மிகச்சிறு மின்னோட்டத்தால் அறிகிறது. ஜெனரேட்டரின் நியூட்ரல் கம்பியும் எர்த்தும் முறைப்படி இணைக்கப்படாதிருந்தால், அந்த ஓட்டத்தின் சுற்று முழுமை பெறாது. நெருப்பு எரிந்தும் எரியவில்லை என்று எண்ணி, கருவி எரிவாயுவை அடைத்துவிடும். ஆகவே அங்கும் தேர்ந்த எலக்ட்ரீஷியனின் துணையும் முறையான மாற்றுச் சுவிட்சும் இன்றியமையாதவை. ஜெனரேட்டரைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள்ளும் கரியடுப்பை வீட்டுக்குள்ளும் வைத்து நச்சுவாயுவுக்கு ஆளானவர்கள், அப்பனிக்காலத்தில் அங்கும் இருந்தனர்.

முதலில் எது?

இரவல் மின்சாரம் அளவானது. அதை அளவறிந்து செலவிட வேண்டும். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். தேய்மானம் சேர ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்கும் அதற்கு மேலும் கேட்கும். ஆகவே அதனை மட்டும் முதலில் ஓட்டி, தொட்டி நிரம்பியபின் நிறுத்தி, அதன்பிறகே குளிர்சாதனப் பெட்டியை இணைக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே இழுத்தால் ஜெனரேட்டர் திணறும். அழுத்தம் தாழ்ந்து மோட்டாரின் சுருளே எரிந்துபோகலாம்.

வீட்டு இன்வெர்ட்டரின் கணக்கும் இதுவே. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஏட்டளவில் 1,800 வாட்-மணி தரும்; நடைமுறையில் அதினும் குறையும். 9 வாட் விளக்கு நான்கும் 75 வாட் மின்விசிறி ஒன்றும் மட்டுமெனில் 10 மணி நேரம் தாங்கும். சலவைப்பெட்டியைச் செருகினாலோ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். எதற்கு முதலிடம் என்பதைக் குடும்பம் கூடி முன்கூட்டியே முடிவு செய்வது நலம்: குடிநீர், நோயாளியின் மருந்து, ஒரு விளக்கு, கைப்பேசி. தொலைக்காட்சி கடைசியில்தான்.

இன்சுலினைப் பற்றி ஒரு சொல். திறவாத குப்பியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டிலுள்ள குப்பி, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை கெடாது. மருந்துக்கு மருந்து இது மாறுமாதலால் உறையில் அச்சிட்டிருப்பதையும் மருத்துவர் கூறுவதையும் பின்பற்றுக. ஆசிரியர் வீட்டில் ஒரு மண்சட்டிக்குள் மற்றொரு சட்டியை வைத்து, இடைவெளியில் ஈர மணல் நிரப்பி, நீர் புகாத டப்பியில் மருந்தை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடியிருந்தனர். நீர் ஆவியாகும்போது சட்டி குளிர்கிறது. நம் பாட்டிமார் பானைத் தண்ணீரில் கண்ட அதே உண்மை.

தொட்டி நிரம்பியதும் அவ்வம்மையார் செய்த செயல் நம் உள்ளத்தைத் தொட்டது. கைம்பெண் ஒருவர் அடுத்த வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். வாடகை கொடுக்க வகையில்லை. "நம்ம குழாயிலேயே பிடிச்சுக்கட்டும். குடத்தை வரிசையா வையுங்க" என்றார். எதிர்வீட்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியின் மருந்தையும் கொண்டுவந்து அந்தச் சட்டிக்குள் வைத்தாள். ஒரு வீட்டுக்கு வந்த மின்சாரம், அரை மணி நேரத்தில் மூன்று வீட்டுக்குப் பயனாயிற்று.

கோட்டை கூறும் பாடம்

மறுநாட்காலை கோட்டைக்குள் சென்றோம். மின்சாரமென்ற சொல்லையே அறியாத காலத்தில், ஒரு நகரமும் படையும் இங்கே வாழ்ந்தன; ஆண்டுக்கணக்கில் முற்றுகையைத் தாங்கின. எப்படி?

இராஜகிரி அடிவாரத்தில் கல்யாண மகால் என்னும் பன்னிலை மாடம் கூர்ங்கோபுரக் கூரையோடு நிற்கிறது. அதன் மேல்மாடங்கள் வரை சுடுமண் குழாய்களில் நீர் சென்றதாம். மோட்டார் ஏது? உயரத்தில் தேக்கிய நீர் தன் மட்டத்தைத் தேடிச் செல்லும் என்ற எளிய விதியே அவர்களுக்கு விசையாயிற்று. அருகே சக்கரக்குளமும் செட்டிக்குளமும் மழைநீரை ஏந்தி நிரம்பியிருந்தன. வளைவுக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட நெற்களஞ்சியங்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. கிருஷ்ணகிரி உச்சியில் நெய்யும் எண்ணெயும் சேமிக்கப் பாறையைக் குடைந்திருக்கின்றனர். இராஜகிரி உச்சியை அடையுமுன் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பாறைப் பிளவு குறுக்கிடுகிறது. பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர் உலகத்தினின்று துண்டிக்கப்படுவர். அந்நிலையிலும் வாழ்வதற்கு வேண்டியது மேலேயே இருந்தது: சுனை, தானியம், கூரை.

பழங்காலமே பொற்காலம் என்று நாம் கூறவரவில்லை. அக்காலத்துக் கோட்டைக்கு வெளியே பசித்துக் கிடந்த குடிகள் எத்தனையோ பேர்! ஆனால் பாலம் ஒருநாள் எடுபடும் என்று எண்ணிக் கட்டியவர்கள் அவர்கள். நாமோ கம்பி ஒருநாளும் அறாது என்று எண்ணி வீடு கட்டுகிறோம். வேறுபாடு அதுவே.

அன்பர்களே, ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டுதோறும் வரும். புயல் எச்சரிக்கை கேட்டவுடன் மேல்தொட்டியையும் குடங்களையும் நிரப்பி வைப்போம். அடிபம்பு இருக்கும் தெருவில் அதைப் பழுதுபார்த்து வைப்போம். வசதியுள்ள வீட்டார் சேஞ்ச்ஓவர் சுவிட்சை வேனிற்காலத்திலேயே தேர்ந்தவரைக் கொண்டு பொருத்திக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் தனித்தனி ஜெனரேட்டர் வாங்க வேண்டியதில்லை. பத்து வீடுகள், அல்லது ஓர் அன்பியம், சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துக்கொள்ளலாம். தெருவில் எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று ஒரு தாளில் எழுதிவைத்தால், அந்த முறை எங்கே தொடங்கவேண்டும் என்பதில் வழக்கே எழாது.

இரவலாக வந்த மின்சாரம் எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆயினும் கம்பத்தின்மேல் நிற்பவரை நினைத்து அதை இணைத்து, உள்ளே உறங்குபவரை நினைத்து அதை வெளியே வைத்து, அடுத்த வீட்டாரை நினைத்து அதைப் பகிர்ந்துகொண்டால், அந்தக் குறைவே ஒரு தெருவுக்குப் போதுமானதாகும்.